வளைக்குள் போன பத்திரம்

சஸ்காட்செவன், கனடா,
ஜூலை, ஞாயிறு

அன்புத் தம்பி ஆர்வில்லுக்கு,

அக்கா வெர்னா எழுதுவது. நானும் மாடுகளும் நலம். மழை பிந்தி வந்தாலும் கன்றுகளுக்குப் போதுமான புல் இருக்கிறது. உன் முதுகுவலி குறைந்ததா? கால்கரியில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தால் வராமல் என்ன செய்யும்.

நீ அனுப்பிய டெல்மர் செவ்வாய்க்கிழமை வந்தான். தெற்கு மேய்ச்சல் நிலத்தை வாங்கி, உழுது பருப்பு விதைக்கப் போகிறானாம். நம் இருவர் பேரில் உள்ள நிலம். அவன் கொண்டுவந்த பத்திரத்தில் நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய், நான்தான் பாக்கி. "சும்மா கெடக்குற புல்லுதானேம்மா, இதுல என்ன இருக்கு?" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குடியிருக்கிறவங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க" என்று மேட்டுப் பக்கம் அனுப்பினேன்.

அங்கே பேட்ஜர் விலங்கு தோண்டிவிட்டுப் போன பழைய வளையில் இந்த ஆண்டும் வளை ஆந்தைகள் குஞ்சு பொரித்திருக்கின்றன. வழக்கம்போல் வண்டுகளை இழுக்கக் காய்ந்த சாணியை வாசலில் பரப்பியிருக்கிறது ஆண் ஆந்தை. டெல்மர் குனிந்து எட்டிப் பார்த்தான். உள்ளிருந்து குஞ்சுகள் கரகரவென்று சீறின. குதிகால் பிடரியில் பட ஓடி வந்து வண்டியில் ஏறிக்கொண்டான். "கிலுகிலுப்பைப் பாம்பு கெடக்குற நெலத்தையா என் தலையில கட்டப் பாத்தீங்க?" என்று கேட்டான். பாம்பு இல்லை, ஆந்தைக் குஞ்சு, பகையை விரட்ட அப்படிச் சீறும் என்று உண்மையைத்தான் சொன்னேன். அவன் நம்பவில்லை. நீயும் சின்ன வயதில் அதே சத்தத்துக்கு ஒரு பூட்ஸை விட்டுவிட்டு ஓடியவன்தானே. போய் எடுத்து வந்தது நான்.

இவன் போனால் இன்னொருவன் வருவான், தெரியும். பக்கத்து நிலத்தை உழுத பிறகு அங்கே ஒரு ஆந்தைகூட இல்லை. உழுத புல்வெளி நம் ஆயுளில் திரும்பாது. அதனால் யார் வந்தாலும் என் பதில் ஒன்றுதான்: முடியாது. உன் பங்குக்கு ஆண்டுதோறும் கன்று விற்றுத் தருகிறேன். நிலமாகத் தரமாட்டேன். கோபம் வந்தால் வரட்டும்.

டெல்மர் விட்டுவிட்டு ஓடிய பத்திரத்தைக் கிழித்து மேட்டில் போட்டேன். மறுநாள் பார்த்தால் ஆந்தை அதையும் சாணியோடு வாசலில் பரப்பியிருந்தது. உன் கையெழுத்துள்ள துண்டு வளைக்குள் போய்விட்டது. வேண்டுமென்றால் நீயே வந்து கையை விட்டு எடுத்துக்கொள்.

குஞ்சுகள் பறப்பதற்குள் வா. உன் அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பூட்ஸை இறுக்கிக் கட்டிக்கொள். இந்த முறை விட்டுவிட்டு ஓடினால் நான் எடுத்துத் தரமாட்டேன்.

உன் அக்கா,
வெர்னா