டீச்சருக்குத் தேய்த்த புளியங்கொட்டை

18-7-83, திங்கள்
காலையிலிருந்து சாரல். மலை தெரியவில்லை. முழங்கால் குடைச்சல். நான் சொல்ல மகள் எழுதுகிறாள். எனக்குப் பெருவிரல் ரேகைதான்.

பள்ளிக்கூடத்தில் மணியடித்து, கூட்டி முடித்தபோது அறிவியல் டீச்சர் கூப்பிட்டார். வியாழன் ஆபீசர் வருகிறாராம். டீச்சர் தற்காலிகம். ஆபீசருக்குப் பாடம் பிடித்தால்தான் வேலை நீடிக்கும்.

"அண்ணே, நூறு புளியங்கொட்டை வேணும். ஒரு பக்கம் லேசாத் தேய்ச்சு வெள்ளையாக்கிக் கொண்டாங்க."

19, செவ்வாய்
நாள் முழுக்கக் கல்லில் தேய்ப்பு. விரல் நுனி எரிகிறது. எதற்கென்று டீச்சரிடம் கேட்டேன். கதிர் விட்டுத் தேயும் உலோகம் இருக்கிறதாம். எந்த அணு எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆனால் குறித்த காலத்தில் பாதி போய்விடும். குலுக்கிப் போட்டு வெள்ளை மேலே விழுந்ததை எடுத்துவிட வேண்டும். மீதியை மறுபடி குலுக்க, அதிலும் பாதி.

"சொல்லி வச்சாப்ல பாதி விழுமாக்கும்?"
"ஒண்ணு ரெண்டுன்னா விழாது அண்ணே. நூறு இருக்குல்ல."

இங்கு வந்த டீச்சர்கள் பதினேழு பேர். எல்லார் முகமும் நினைவில் உண்டு. இரண்டு வருஷம் தாண்டியவர்கள் நாலு பேர்.

21, வியாழன்
முதல் குலுக்கல். எழுபத்தொன்பது வெள்ளை. அடுத்ததில் நாலுதான் மிச்சம். பிள்ளைகள் சிரிப்பு.

"பாதின்னீங்களேம்மா?" ஆபீசர்.

அப்போதுதான் உறைத்தது. தாயம் உருட்டத் தேய்ப்பதுபோல அரைக்கொட்டை போகும்வரை தேய்த்திருக்கிறேன். கனம் அடிக்குப் போய்விடும், வெள்ளைதான் மேலே விழும். கை பழக்கத்தில் செய்துவிட்டது.

"ஐயா, தப்பு எம்மேல. நாந்தான் தேய்ச்சேன்."
"நீ போய் டீ கொண்டா."

டீச்சர் விடவில்லை. "வெரசாச் சிதையுற பொருள்னா இப்படித்தான் சார். அரை ஆயுள் ஒரு குலுக்கலுக்கும் குறைவு."

டீ வைக்கும்போது ஆபீசர் நோட்டு திறந்திருந்தது. நாலு வரி. கடைசி வரிக்கு அடியில் கோடு.

22, வெள்ளி
காற்று. டீச்சர் வாசலிலேயே நின்றார். "அண்ணே, நோட்டுல எதுவும் கண்ணுல பட்டுச்சா?"
"எனக்கென்ன தெரியும் டீச்சர்."

வீட்டுக்கு வந்து அந்தக் கடைசி வரியை மகளின் சிலேட்டில் வரைந்தேன். சுழி, கொம்பு, புள்ளி, பார்த்தது பார்த்தபடி. இரண்டு இடம் தப்பு, அழித்துப் போட்டேன்.

மகள் படித்தாள். "'நீட்டிக்க வேண்டாம்'னு இருக்குப்பா."

திங்களன்று டீச்சர் மறுபடி கேட்பார். படிக்கத் தெரியாது என்பேன். நம்புவார்.