கால் பட்ட படம்

பாசல்,
சுவிஸ்,
4 ஒக்டோபர் 2024

அன்பின் மிதுஷாவின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். நீங்கள் போனை எடுக்காதபடியால் உங்கள் லண்டன் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். பயத்தோடு அவசரமாக எழுதியது, எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதேங்கோ.

நான் துப்புரவு வேலைக்குப் போகும் கெல்லர் அம்மா டாவோஸ் என்ற மலையூருக்குப் போயிருக்கிறா. ஹோல்பைன் என்ற பெரிய ஓவியர் தன் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் வரைந்த படத்தின் பழைய நகல் ஒன்று அவவின் வீட்டில் இருக்கிறது. நகலென்றாலும் விலை மதிப்பானது. சுவர் துடைக்க அதை இறக்கி நிலத்தில் சாத்தி வைத்தேன். வாளியோடு திரும்பும்போது அந்தத் தாயின் மடியில் என் கால் பட்டுவிட்டது. பழக்கதோஷம், குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டேன். கையில் கறை எடுக்கும் மருந்து இருந்தது மறந்துபோச்சு. கண் எரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் மடியிலிருந்த குழந்தையின் கையில் நிறம் போய்விட்டது. அது என் விரலில் இருந்தது.

கெல்லர் அம்மா பொலிசைக் கூப்பிட்டால் இங்கே இருக்கிறதுக்கான என் பெர்மிட் என்னாகும்? ஒருக்கால் வாங்கோ. பக்கத்தில் நின்றால் போதும்.

அந்த ஓவியரும் மனைவி பிள்ளைகளைப் பாசலில் விட்டுவிட்டு உழைக்கவென்று லண்டனுக்குப் போனவராம். ஒருமுறை வந்தபோது இந்தப் படத்தை வரைந்தார். திரும்பப் போய் அங்கேயே செத்தார். அங்கே அவருக்கு வேறு பிள்ளைகளும் இருந்தார்களாம். கெல்லர் அம்மா இதைச் சொன்ன நாளிலிருந்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே பயமாயிருக்கிறது.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
கலா

*

லண்டன்,
12 ஒக்டோபர் 2024

அன்பின் கலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. விசர்க்கதை கதையாதையும். படம் முந்தியே அப்படித்தான் இருந்ததென்று சொல்லிவிடும். எனக்கு இப்போது வரமுடியாது. கடையில் ஆளில்லை. சின்னவனுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல், இரவில் ஒருவருக்கும் நித்திரையில்லை. அங்கே யாரிடமும் என் பெயரை இழுக்காதையும். மிதுஷாவைப் படிக்கச் சொல்லும்.

பாலேந்திரன்

*

பாசல்,
20 ஒக்டோபர் 2024

திரு. பாலேந்திரன் அவர்களுக்கு,

கெல்லர் அம்மா வந்த கையோடு எனக்குத் தெரிந்த ஜேர்மனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"கால் பட்டதுக்கு ஏன் கையாலை தொட்டனீர்?" என்று கேட்டா.

"மனிசரிலை கால் பட்டால் நாங்கள் அப்பிடித்தான் செய்யிறது. அது மன்னிப்புக் கேக்கிறது" என்றேன்.

படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. பிறகு, படம் திருத்துகிறவர் ஒருவர் இருக்கிறார், நீர் வெள்ளிக்கிழமை வழக்கம்போல வாரும் என்றா. தேத்தண்ணியும் போட்டுத் தந்தா.

அந்தப் பயம் போய்விட்டது. இப்போது இருப்பது வேறு பயம். எங்கள் மிதுஷாவுக்குப் பதின்மூன்று வயது. பல் முளைக்கிற சின்னவன் யாரென்று நான் கேட்கப்போவதில்லை. அவள் ஒருநாள் கேட்பாள், அதுதான் பயம். அந்தக் குழந்தையை வைத்தியரிடம் காட்டுங்கள். காய்ச்சலோடு விளையாடக்கூடாது.

நேற்று எங்கள் கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன். நிலத்தில் சாத்தி வைத்தபோது அதில் நீங்கள் நிற்கும் பக்கத்தில் என் கால் பட்டுவிட்டது.

நான் குனியவில்லை.

சிவகலா