திருடனுக்குப் பிடிக்காத வீடு

மார்ச் 4

பல் டாக்டரிடம் போய்விட்டு மதியம் திரும்பினால் பூட்டு உடைந்து கிடக்கிறது. பீரோ, அலமாரி, அரிசி டப்பா - எல்லாம் திறந்திருக்கிறது. இரண்டு மணி நேரம் தேடினோம். ஒன்றுமே போகவில்லை! வந்தவன் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, டிவியைக்கூடத் தொடாமல் போயிருக்கிறான். இருபது வருடக் குடித்தனத்துக்கு இதுதான் மதிப்பு.

மாலையில் தெருவே வாசலில். "என்ன சார் போச்சு?" என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். நான் வாய் திறப்பதற்குள் மனைவி, "செயின் போச்சு சார். சிவப்புக் கல் வச்சது," என்றாள். அப்படி ஒன்று இருந்தது எனக்கே அப்போதுதான் தெரியும். உள்ளே வந்து கேட்டால், "ஒண்ணுமே போகலைன்னு சொன்னா நம்மள என்னன்னு நினைப்பாங்க?" என்கிறாள். நியாயம்தான்.

மார்ச் 5

போலீஸ் ஸ்டேஷன். செயலாளர் கையைப் பிடித்து அழைத்துப்போனார், தப்ப வழியில்லை. இவள் சொல்லச் சொல்லப் புகாரை நான் எழுதினேன். நீளம், எடை, கொக்கியின் வளைவு... எங்கள் குடும்ப நகையைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன்.

மார்ச் 9

சங்கக் கூட்டம். எனக்கு முன்வரிசை நாற்காலி. ஆறு வருடமாக என்னைக் கண்டதும் செல்போனில் மூழ்கிவிடும் எதிர்வீட்டுக்காரர் எழுந்து நின்று கைகொடுத்தார். நகையைப் பறிகொடுத்தால் எவ்வளவு மரியாதை! இது முன்பே தெரிந்திருந்தால் வருடத்துக்கு ஒன்று தொலைத்திருக்கலாம். காவலாளி, கேமரா, தெருவுக்குள் வந்துபோகும் வேலையாட்களின் பட்டியல் - எல்லாம் தீர்மானமாகிவிட்டது.

மார்ச் 12

காவலாளி வந்துவிட்டார். பகலிலேயே குறட்டை. கேமரா, செயலாளரின் காரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறது.

மார்ச் 15

பெயிண்டரைப் பிடித்துவிட்டார்களாம். போன மாதம் எங்கள் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தவர். தெருவில் எல்லா வீட்டுக்குள்ளும் போய்வந்தவர் ஆயிற்றே, பட்டியலில் அவர் பெயர்தான் முதல். "பாத்தீங்களா, லிஸ்ட் போட்டது வீண் போகலை!" என்று செயலாளருக்குப் பெருமை தாங்கவில்லை.

இவள் பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். நான் மட்டும் என்ன?

மார்ச் 16

காலையில் பெயிண்டரின் மனைவி வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். "அந்தச் செயின் எப்படி இருக்கும்னு சொல்லுங்கக்கா. அவர் எடுத்திருக்க மாட்டாருதான். இருந்தாலும் வீடு பூரா தேடிட்டேன், தலகாணியக்கூடப் பிரிச்சுப் பாத்துட்டேன். கிடைக்கலைக்கா."

புருஷனையே சந்தேகப்பட வைத்துவிட்டோம். அடப்பாவி, என்ன காரியம்டா பண்ணி வச்சிருக்கே?

அவர் போனதும் இவளிடம், "உன் வாயாலதான் வந்துது," என்றேன். "எழுதினது நீங்கதானே?" என்றாள். அதுவும் சரி. உண்மையைச் சொன்னால் எங்கள்மேல் பொய்ப் புகார் கேஸ். சொல்லாவிட்டால் அவருக்கு ஜெயில்.

மார்ச் 17

இரண்டு பேருமே ஸ்டேஷனுக்குப் போனோம். "எங்ககிட்ட செயினே கிடையாது சார்." இவள்தான் சொன்னாள். நான், வீரன், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடுத்ததா அவன் ஒத்துக்கிட்டானேம்மா!" என்றார் இன்ஸ்பெக்டர். "எங்க வித்தான்னுதான் மாத்தி மாத்திச் சொல்றான்."

எப்படி ஒத்துக்கொள்ள வைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். மாலையில் அவரை விட்டுவிட்டார்கள். எங்கள்மேல் கேஸ்.

மார்ச் 20

சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து எங்களை நீக்கிவிட்டார்கள். தெருவின் பாதுகாப்பைக் கருதியாம்.

ஏப்ரல் 2

பெயிண்டர் வந்தார். இடது கையில் கட்டு. மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் விடுங்க சார். உங்க வீட்ல செயினே இல்லைன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. வீடு வீடா காட்டணும். வேலை வேணுமில்ல?"

எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். ஜன்னலருகே நின்று பார்த்தோம். எதிர்வீட்டில் ஆரம்பித்து, வாசல் வாசலாக அதை நீட்டிக்கொண்டே போனார். படித்தவர்கள் எங்கள் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார்கள். அவருக்கு வேலை மட்டும் யாரும் கொடுக்கவில்லை.