கர்த்தருக்குப் போட்ட நாற்காலி

பாப்பா அப்பாவுக்கு, ஸ்தோத்திரம்.

நம் கோயிலையும் கல்லறைத் தோட்டத்தையும் கம்பெனிக்கு எடுத்த பிறகு, எங்களை வல்லக்கோட்டைப் பக்கம் குடிவைத்துவிட்டார்கள். பாப்பா ஒரகடத்துக்கு வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறாள். உங்களைப் படுக்கவைத்த இடத்தில் புது லாரிகள் நிற்கின்றனவாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது ஜெபம் நம் வீட்டில்தான். பழைய வழக்கப்படி கர்த்தருக்கென்று ஒரு மர நாற்காலியில் வெள்ளைத்துணி விரித்துக் காலியாக விடுகிறோம். போன வாரம் தாவீது பாஸ்டர் வேதத்தில் எசேக்கியேலை வாசித்தார். சிறைப்பட்டுப்போன ஜனத்தின் நடுவே கர்த்தர் என்றைக்கும் குடியிருப்பார் என்று அவர் சொன்னதும், அந்த நாற்காலி கிறீச்சிட்டது. துணி நடுவில் அமுங்கியது.

"கர்த்தர் நம்ம கூடவே வந்துட்டாருடி!" என்று கிளியம்மாள் அக்கா அழுதாள். எல்லோரும் முழங்காலில் விழுந்தார்கள்.

எனக்கு மட்டும் உங்கள் பீடி வாசனை வந்தது.

கோபம்தான் வந்தது. எங்கே உட்காருவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? அந்த வாக்கை நம்பித்தானே இத்தனை குடும்பமும் கிளம்பி வந்தது? இடமில்லை என்று கர்த்தர் திரும்பிப் போய்விட்டால் நாங்கள் யாரிடம் போவோம்?

இன்றைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவைத்தேன். ஜெபத்தின் நடுவே துணி மறுபடி அமுங்கியது. "இப்டி வந்து குந்துங்க" என்று மெல்லச் சொன்னேன். பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது. பீடி வாசனையும் அந்தப் பக்கம் நகர்ந்தது.

நீங்கள் எழுந்து வந்த பிறகும் வெள்ளைத்துணி நிமிரவில்லை. அமுங்கியபடியேதான் இருக்கிறது.

உங்கள்,
பாப்பா அம்மா