கரைய வேண்டிய ஸ்க்ரூ

அன்புள்ள அப்பாவுக்கு, மஸ்கட்டிலிருந்து நான்சியின் தோத்திரம். நான் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் சுகம்தானே?

போன வாரம் எங்கள் வார்டுக்கு ஓர் எலக்ட்ரீஷியன் வந்தார். முழங்கால் ஜவ்வு ஆபரேஷன் செய்து இரண்டு வருஷமாகிறது. மூட்டுக்குக் கீழே கோலிக்குண்டு அளவு வீக்கம். எல்லோரும் சீழ் என்றார்கள். காய்ச்சலே இல்லையே, உள்ளே வைத்த, தானாகக் கரைகிற ஸ்க்ரூவின் வேலையாக இருக்குமோ என்று நான்தான் கேட்டேன். ஸ்கேனில் அதேதான். ஸ்க்ரூ சரியாகக் கரையாமல் சுற்றிலும் நீர் கோத்திருந்தது. பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும், "நான்சி சொன்னதுதான் சரி" என்றார். அன்று உங்கள் மகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சின்னதாகக் கீறி எடுத்தார்கள். எலக்ட்ரீஷியன் நடந்தே வீட்டுக்குப் போனார்.

செம்பட்டி ரோட்டில் விழுந்தபோது உங்களுக்கு வைத்ததும் அதே ஸ்க்ரூதான். "பூசையில முட்டி போட்டா சுருக்குனு குத்துதும்மா, அந்த வலியத் தவக்காலக் காணிக்கையா ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துட்டேன்" என்று போனில் சொன்னீர்களே, அன்றிலிருந்து அதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமையே டாக்டரிடம் காட்டுங்கள். அம்மாவை முட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் இரண்டு பேர் முகமும் அதில் தெரியட்டும்.

டியூட்டிக்கு வண்டி வந்துவிட்டது. டாக்டர் பார்க்கும்வரை பூசையில் முட்டி போடாமல் உட்கார்ந்தே இருங்கள். யாராவது ஏனென்று கேட்டால், நர்ஸ் மகளின் உத்தரவு என்று சத்தமாகவே சொல்லுங்கள்.

உங்கள் நான்சி