மூன்று துறைக்கு ஒரு மேசை

மார்ச் 3

வாத்தியாருக்கு,

போனில் பேசினால் சண்டைதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன். பாப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது.

பழைய வேலைமுறையை மாற்ற உங்கள் தலைமையகம் நடத்திய பயிற்சிக்கு என் குடிநீர் அலுவலகத்தோடு நானும் வந்தேன். கலர் கலர் சீட்டில் யோசனை எழுதி ஒட்டச் சொன்னீர்கள். மனைவி என்றுகூடப் பார்க்காமல் என்னையும் கை தூக்க வைத்தீர்கள். சரி. திரும்பி வந்தால் வாசலில் காலி வாளிகளோடு கூட்டம். ஊர் இரண்டு மடங்காகிவிட்டது, குழாய் மட்டும் அதே குழாய். நாங்கள் தோண்டி மூடினால் சாலைக்காரர்கள் தார் போடுகிறார்கள். மறுநாளே மின்சாரக்காரர்கள் அதைப் பிளக்கிறார்கள், எங்கள் குழாயையும் சேர்த்து. இதற்கு எந்தக் கலர்ச் சீட்டு?

உங்கள் மாணவி

மார்ச் 11

என் கோபக்காரிக்கு,

சீட்டை விடு. மூன்று துறையும் தினம் காலையில் ஒரே மேசையில் உட்கார்ந்தால் என்ன? உத்தரவுக்குக் காத்திராதே, செய்து பார். தப்பானால் ஆகட்டும். துணிந்து செய்பவர்களைத் தண்டிக்க மாட்டோம் என்று வகுப்பில் நான் சொன்னது சும்மா இல்லை.

தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட அலுப்பாக இருக்கிறது.

உன் வாத்தியார்

ஏப்ரல் 9

வாத்தியாருக்கு,

மேசை போட்டேன். சாலை இன்ஜினியர் வாசலிலேயே நின்று, "யாரு கூப்பிட்டது? எழுத்துல இருக்கா?" என்றார். டீ கொடுத்து உட்கார வைத்தேன். அடுத்தடுத்து நாலைந்து தெருக்களில் ஒரே தோண்டலில் எல்லா வேலையும் முடிந்தது. நானும் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

போன வாரம் கடைத்தெருவில் "தோண்டுங்க" என்றேன். வரைபடம் பழையது. கேபிள் அறுந்து தெருவே இரண்டு நாள் இருட்டு. பிரசவ ஆஸ்பத்திரி ஜெனரேட்டரில் ஓடியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தப்பு என்னுடையது. மற்ற இரண்டு துறைக்காரர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

இன்று மெமோ வந்தது. ‘அனுமதியில்லாமல் கூட்டம் நடத்தியது ஏன்?’ கீழே ‘இயக்குநருக்காக’ என்று உங்கள் கையெழுத்து. படிக்காமல் போட்டீர்களா, படித்துவிட்டுப் போட்டீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள்.

ஏப்ரல் 15

கோபக்காரிக்கு,

படித்துவிட்டுத்தான் போட்டேன். "வீட்டுக்காரம்மான்னு விட்டுடுவீங்களோ?" என்று இயக்குநர் கேட்டார். உடனே போட்டுக் கொடுத்துவிட்டேன். பதிலில் ‘விவரம் தெரியாமல் செய்துவிட்டேன்’ என்று ஒரு வரி எழுதிவிடு. முடித்துவிடலாம்.

ஏப்ரல் 19

ஐயா,

விவரம் தெரிந்துதான் செய்தேன். கேபிளுக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேசைக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. யார் சொல்லிச் செய்தேன் என்பதையும் எழுதவில்லை. அதை எழுத வேண்டியது நான் இல்லை.

இனி எனக்குக் கடிதம் வேண்டாம். பாப்பாவிடம் மட்டும் போனில் பேசுங்கள்.

மே 6

கோபக்காரிக்கு,

வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். நேற்றும் வகுப்பு. "தைரியமாச் செய்யுங்க, தப்பானாப் பரவாயில்ல" என்று ஆரம்பித்தேன். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா, "சார், மெமோ வந்தா நீங்க வருவீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு இயக்குநர் அறைக்குப் போய், மேசை போடச் சொன்னது நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். கத்தினார். நானும் கத்தினேன், எனக்கே ஆச்சரியம்.

மெமோவைத் திரும்பப் பெறுகிறார்கள். மேசைக்கு முறையான உத்தரவு வரும். என்னைப் பயிற்சிப் பிரிவிலிருந்து தூக்கிவிட்டார்கள். எங்கே போடுவார்கள் என்று தெரியவில்லை.

மே 12

வாத்தியாருக்கு,

எனக்குத் தெரியும். உங்கள் மாற்றல் உத்தரவு எனக்கு வந்துவிட்டது. என் அலுவலகத்துக்கு, எனக்குக் கீழே! உங்கள் தலைமையகத்தில் ஒருவருக்காவது மூளை வேலை செய்கிறதா? ஆபீஸ் முழுக்க வாய்க்குள் சிரிக்கிறது.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மீதி நேரில். மின்சாரக்காரர் நேற்று வந்து உட்கார்ந்தார். சாலைக்காரர் இன்னும் முறுக்கிக்கொண்டு நிற்கிறார். அவரைச் சமாதானம் செய்து அழைத்து வருவது உங்கள் முதல் வேலை.

பாப்பா அலமாரியில் பாதியைக் காலி செய்து வைத்திருக்கிறாள். நான் சொல்லவில்லை, அவளாகத்தான்.

திங்கட்கிழமை வந்து சேருங்கள். ஆபீசில் என்னை மேடம் என்று கூப்பிட வேண்டும். வீட்டில் எப்படிக் கூப்பிடுவது என்பதை வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.