பிளக்கைப் பிடுங்காத வாரம்

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்குமேல் இடி. இந்த மாதம் தினமும் இப்படித்தான்.

அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கினேன். ஸ்டூலில் ஏறியதை மகள் கலாவிடம் சொல்லக் கூடாது. (இனி க. என்று போடுகிறேன். கை வலிக்கிறது.)

பெட்டியில் இருந்தவை:
பட்டன் போன் 2. ஒன்று என் மனைவியுடையது.
கட்டங்கள் மேலிருந்து விழும் கையடக்க வீடியோ கேம் 1. பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கிறது.
க.வின் கம்ப்யூட்டர் 1.
க.வின் நோட்டு 1.
பல்லி முட்டை 4.

கம்ப்யூட்டர் என்றால் இப்போது உள்ளது மாதிரி இல்லை. தடித்த கீபோர்டு மட்டும். டிவியில் மாட்டினால்தான் அதற்கு முகம். தோட்டத்து மேனேஜர் தன் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்தார். அவர் பங்களாவில் நான் புல் வெட்டினேன். க.வுக்கு அப்போது பதின்மூன்று வயது.

பழைய டிவியில் மாட்டினேன். திரை நீலம். ஒரு சின்னக் கட்டம் விட்டு விட்டு எரிகிறது. "உயிரோட இருக்கு!" என்று கத்தினேன். கேட்க ஆள் இல்லை.

சாயங்காலம் க. போன். பினாங்கிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் மஸ்ஜித் தானாவில் கல்யாணமாம். "போற வழியில எட்டிப் பார்க்கிறேன்பா. பெரிசா சமைக்காதீங்க லா." அவள் இங்கே வந்து ஒன்பது மாதம் ஆகிறது.

நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது அவளுக்குத் தெரியாது. கோயில் மண்டபத்து வகுப்பு, ஒன்றரை வருடம். நேரில்தான் காட்ட வேண்டும்.

நவம்பர் 12, புதன்

மழை இல்லை. இடி மட்டும்.

நோட்டைத் திறந்தேன். க. தானாகவே யோசித்து எழுதிய புரோகிராம். முப்பத்தொரு வரி. எல்லாம் இங்கிலீஷ் எழுத்து, எனக்குத் தெரியாது.

அப்போது நோட்டில் ரூலர் பிடித்தது நான்தான். (அடிக்கோல் என்று சொல்ல வேண்டுமாம், வகுப்பு டீச்சர் சொன்னது.) அவள் ஒரு வரி அடிப்பாள். கீபோர்டில் வலது பக்கத்துப் பெரிய கட்டையைத் தட்டும் சத்தம் கேட்டால் அடிக்கோலை ஒரு வரி கீழே இறக்குவேன். படிக்கத் தெரிய வேண்டியதில்லை. காது போதும்.

இந்தப் புரோகிராமை ஒரு நாள் காலையிலிருந்து அடித்தாள். அடித்ததை அழியாமல் கேசட்டில் ஏற்றி வைக்க, சாயங்காலம் சிநேகிதி வீட்டு டேப் ரேடியோ வருவதாக இருந்தது. மறுநாள் சிநேகிதிகள் மூன்று பேர் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவள் குளிக்கப் போனாள். இடி. எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் செய்தேன், பிளக்கைப் பிடுங்கினேன். மெஷின் எரிந்துவிடுமே என்று பயம். நிறுத்தினால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று யார் சொன்னார்கள்?

குளித்துவிட்டு வந்தவள் திரையைப் பார்த்தாள். நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிநேகிதிகள் வந்து சும்மா மைலோ குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவே இல்லை.

முடிவு: ஞாயிற்றுக்கிழமைக்குள் முப்பத்தொரு வரியையும் நான் அடிக்கிறேன். க. வரும்போது திரையில் இருக்க வேண்டும்.

நவம்பர் 13, வியாழன்

கீரை வாங்கவில்லை. மீன்காரர் ஹாரன் அடித்தார், எழவில்லை.

எழுத்துத் தெரியாவிட்டாலும் உருவம் தெரிகிறது. நோட்டில் ஒரு உருவம், கட்டையில் அதே உருவம். தேடு, அடி. ஒரு வரிக்கு இருபது நிமிடம். எண் பிரச்சினை இல்லை, அது எப்போதும் தெரியும்.

முடித்தேன். மெஷின் ஏதோ திட்டியது. ஒரு மணி நேரம் தேடினேன். சில வட்டங்களுக்குக் குறுக்கே க. கோடு போட்டிருக்கிறாள். தப்பென்று அடித்தது என்று நினைத்து அத்தனையையும் விட்டிருக்கிறேன். பிறகு பார்த்தால் 9க்குப் பக்கத்துக் கட்டையிலும் அதே கோடு. பூஜ்யம்! மறுபடி முதலிலிருந்து.

கடைசிப் பக்கத்துக்கு அடியில் பென்சிலில் நாலு வரி. தமிழ். இத்தனை வருடம் என் அலமாரி மேலேயே இருந்திருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்தேன், பத்து நிமிடம்.

"இன்று இடி. அப்பா பிளக்கைப் பிடுங்கிவிட்டார். எல்லாம் போச்சு. அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது."

என் மகள் கையெழுத்தில் நான் படித்த முதல் எழுத்து. நான் தடுமாறும் ழ அதில் இல்லை. ற அழகாகப் போடுகிறாள்.

சோறு வேண்டாம் என்று இருந்தது.

நவம்பர் 14, வெள்ளி

கால் வீக்கம். மாத்திரை போட்டாச்சு.

பதினொரு மணிக்கு முப்பத்தொன்றாவது வரி. அதற்குக் கீழே தனியாக மூன்று எழுத்து. "அப்பா, இப்ப ஓடும் பாருங்க" என்று அதைத்தான் கடைசியில் அடிப்பாள். அடித்தேன். ஓடியது! ஏதோ கேட்டுவிட்டுக் காத்திருந்தது. பெயராகத்தான் இருக்கும் என்று ஐசி கார்டை, அடையாள அட்டையை, எடுத்து என் பெயரை உருவம் பார்த்து அடித்தேன்.

திரை முழுக்க முனியாண்டி. எண்ணினேன், இருபது. வீட்டில் ஒரு ஆள், டிவியில் இருபது பேர். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இனி ஞாயிறு வரை அணைக்கக் கூடாது.

நாலு மணிக்கு இடி. பக்கத்து வீட்டுச் சரசு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டாள். "அண்ணே! டிவி பிளக்க எடுங்க! போன மாசம் எங்க வீட்டு மோடம் போச்சு தெரியும்ல?"

"இருக்கட்டும்மா."

"என்னா இருக்கட்டும்? வீடு எரிஞ்சா சேர்ந்து எரியுறது யாரு, நான்தான்!"

காரணம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. இடி நிற்கும்வரை டிவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 15, சனி

வகுப்பில் இன்று எழுந்து நின்று ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். போகாமல் இருக்கலாமா என்று பார்த்தேன். போனேன். இரண்டு இடத்தில்தான் தடுக்கியது. கைதட்டினார்கள்.

திரும்பும்போது எங்கள் ஊர் தங்கா பத்து முழுக்க மழை. பஸ் நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம்.

வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. உள்ளே சரசு, ஈரத் தலையோடு. நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவளிடம் ஒரு சாவி உண்டு.

"நல்ல வேள அண்ணே, நான் வந்தேன். என்னா இடி! எல்லா பிளக்கையும் பிடுங்கிட்டேன். பிரிட்ஜ் கூட."

"நன்றிம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது? அன்று நான் செய்ததும் இதுதான்.

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 16, ஞாயிறு

ஐந்து மணிக்கு எழுந்து மறுபடி முதல் வரியிலிருந்து அடிக்க உட்கார்ந்தேன். இப்போது கொஞ்சம் வேகம், ஒரு வரிக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஒன்பதரைக்கு இருபத்திரண்டு வரி. கார் சத்தம்.

க. பட்டுச் சேலையில். மருமகன் இறங்கவில்லை, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னப்பா இது! இன்னுமா இத தூக்கிப் போடல?" சிரித்துக்கொண்டே குனிந்தாள். திரையைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். "இது நான் எழுதினதுல்ல? யாருப்பா அடிச்சா?"

"நான்தான்."

நம்பவில்லை. பக்கத்தைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் கை நின்றது. உள்ளங்கையை மெதுவாக அந்தப் பென்சில் வரிகள் மேல் வைத்து மூடினாள்.

"அப்பா. இத யாராச்சும் உங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்களா?"

இல்லை என்று சொன்னால் நிம்மதியாகக் கிளம்பிவிடுவாள். தெரிந்தது. ஒன்றரை வருடம் இதற்காகவா படித்தேன்?

"நானே படிச்சேன்மா."

என்னையே பார்த்தாள். கை நகரவில்லை.

"அன்னைக்கு நான் பிளக்க எடுத்தது தப்பு. தெரியாம செஞ்சிட்டேன்."

"அப்பா, நான் சின்னப் புள்ள..."

பிறகு சேலையோடு தரையில் உட்கார்ந்தாள். அடிக்கோலை எடுத்து இருபத்து மூன்றாவது வரிக்குக் கீழே வைத்தாள். "அடிங்க."

அடித்தேன். பெரிய கட்டையைத் தட்டினேன். அடிக்கோல் ஒரு வரி இறங்கியது. வெளியே ஹாரன். எழவில்லை. மறுபடி ஹாரன்.

நாலு வரி. அதற்குள் மருமகனே வாசலுக்கு வந்துவிட்டார். முகூர்த்தத்துக்கு நேரமாம். சாயங்காலம் வர முடியாது, நேரே பினாங்கு. "மிச்சத்த நான் வர்றப்ப அடிக்கலாம்பா. நீங்க தனியா அடிக்கக் கூடாது." எப்போது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மணி நாலு. நேற்று இரவே சமைத்த கோழி அப்படியே இருக்கிறது. அடிக்கோல் அவள் வைத்த இடத்தில், இருபத்தேழாவது வரிக்குக் கீழே. சின்னக் கட்டம் விட்டு விட்டு எரிகிறது.

இடி ஆரம்பித்துவிட்டது. சரசு வேலியில் நின்று "அண்ணே, பிளக்கு! அண்ணே!" என்கிறாள். கேட்காத மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன்.